ஆறுதல் அறையின் உள்பக்கம்

போர்டுக்காரர் எந்தக் கதவிலிருந்தும் பழைய போர்டைக் கழற்றியவர் இல்லை. அதன் மேலேயே புதியதை வைத்துவிடுவார். மேல்விளிம்பில் ரசமட்டத்தைக் கிடத்தி, குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பழைய துளையிலேயே போய்ப் பிடிக்கும்படி, முன்னதைவிடக் கொஞ்சம் நீளமான திருகுகளாக எடுத்து நான்கு மூலையிலும் முறுக்குவார். கைக்குட்டையால் ஒரு துடை. பிறகு இரண்டடி பின்னால் போய், இடுப்பில் கை வைத்து நின்று, "இப்பப் பாருங்க, ஆபீசே புதுசா ஆயிடுச்சு" என்பார்.

பழையதைக் கழற்றினால் வெயில் படாத சதுரம் ஒன்று கதவில் பளிச்சென்று தெரியும். துளைகள் பல்லிளிக்கும். அதை அடைக்க ஓர் ஆள், பூச ஓர் ஆள், அவர்கள் வருகிறோம் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வராமல் போக்குக் காட்டும் நாட்கள் வேறு. மேலேயே மாட்டிவிட்டால் ஒரு வம்பும் இல்லை. அலுவலகங்கள் அடிக்கடி பெயர் மாற்றிக்கொண்டன. கதவுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக்கொண்டே வந்தன. யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவரும்தான்.

கடை சின்னது. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில்தான் நிற்க வேண்டும். சுவரோரம் பிளாஸ்டிக் பலகைகள் சாய்ந்திருக்கும். மூலையில் எழுத்து வெட்டும் மிஷின் நாள் முழுக்கக் கறையான் அரிக்கிற மாதிரி கரகரத்துக்கொண்டிருக்கும். ஊருக்கு அவர் விற்றது போர்டு. அவர் மனசுக்கு அவர் விற்றது சொல். 'புகார் பிரிவு' என்று கேட்டு வருகிறவரிடம், "புகார்னு போட்டா வர்றவன் கோபத்தோடவே வருவான் சார். 'உங்களோடு பேசுகிறோம்'னு போடுங்க, பாதிக் கோபம் வாசல்லயே இறங்கிடும்" என்பார். நல்ல சொல் ஒன்று காதில் விழுந்தால் கல்கண்டு மாதிரி வாயில் ஒதுக்கிக்கொண்டு நாலு நாள் சுற்றுவார்.

இந்தப் பைத்தியம் அவருக்கு எப்படிப் பிடித்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. கடை போட்ட புதிதில் கிடைத்த முதல் பெரிய வேலை, ஊர்க்கோடியில் இருந்த மருத்துவமனையின் முகப்பு வளைவு. அதில் 'பைத்தியக்கார' என்ற சொல் ஆள் உயர எழுத்தில் இருந்தது. அதை மூடி, 'மனநல மருத்துவமனை' என்று புதுப் பலகை ஏற்ற வேண்டும். ஏணியில் நின்று முறுக்கிக்கொண்டிருந்தபோது கீழே ஒரு பெரியவர், வயசுப் பெண் ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளேயும் போகாமல் திரும்பியும் போகாமல் நின்றார். கடைசித் திருகு இறங்கியதும் அவர் அண்ணாந்து ஒருதரம் படித்தார். மகளிடம் ஏதோ சொன்னார். இருவரும் உள்ளே போனார்கள். ஏணி மேலிருந்து அதைப் பார்த்த போர்டுக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு சொல்லை மாற்றினால் ஒரு மனுஷர் தலை நிமிர்ந்து வாசலைத் தாண்டுகிறார் என்றால், இதைவிட நல்ல தொழில் ஏது என்று அன்றைக்கு நினைத்தவர், அதற்குப் பிறகு எந்தச் சொல்லைப் பற்றியும் இரண்டாம் தரம் யோசிக்கவே இல்லை.

அதிலிருந்து அந்த மருத்துவமனையின் போர்டு வேலை எல்லாம் அவருடையது. 'நோயாளி' போய் 'பயனாளி' வந்தது. ஆண்கள் வார்டுத் தாழ்வாரத்தின் கோடியில் இருந்த ஓர் அறை மட்டும் அவருக்கு ஓயாமல் வேலை கொடுத்தது. அது முதலில் 'தனிக் கொட்டடி'. பிறகு 'தனிமைப்படுத்தும் அறை'. பிறகு 'அமைதி அறை'. கடைசியாக ஒருநாள் தலைமை நர்ஸ் கூப்பிட்டார். வயதில் மூத்தவர், சிரிக்காமலே வேடிக்கை பேசுகிறவர்.

"அமைதி அறைன்னு எழுதியிருக்கீங்க. உள்ளேருந்து சத்தம் வந்தா, பார்க்க வர்ற சொந்தக்காரங்க போர்டையும் எங்க முகத்தையும் மாத்தி மாத்திப் பார்க்கிறாங்க. ஆபீஸ்ல வேற பேரு வேணுமாம். இதமா ஏதாவது சொல்லுங்களேன்."

போர்டுக்காரர் ஸ்க்ரூ டிரைவரால் காதைச் சொறிந்தார். கூரையைப் பார்த்தார். "ஆறுதல் அறை" என்றார்.

நர்ஸ் அதை ஒருதரம் சொல்லிப் பார்த்தார். "கேட்க நல்லாத்தான் இருக்கு."

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே, "ஒரு அறைக்கே பேரு வச்சிட்டு வந்திருக்கேன்" என்றார். அவர் மனைவி காயப்போட்ட துணியை மடித்துக்கொண்டிருந்தவள், நிமிரவே இல்லை. "பெத்த பொண்ணுக்குப் பேரு வைங்கன்னா அவ தவழ்ற வரைக்கும் யோசிச்சீங்க. ஆஸ்பத்திரிக்காரங்க கேட்டா உடனே வந்துடுதா?"

"அக்கா, அது பேரு வைக்கிற கை. வீட்டுக்கு வந்தா மரத்துப்போயிடும்" என்றான் அவள் தம்பி.

இந்தத் தம்பியைத்தான் இனிச் சொல்ல வேண்டும். தாய் தகப்பன் இல்லாமல், பள்ளிக்கூடப் பையோடு அக்காள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவன். போர்டுக்காரருக்கு மைத்துனன் என்பது உறவுக்குச் சொல்கிற பேச்சு. தோளில் தூக்கி வளர்த்தவர் அவர்தான். அவன் அவரை "மாமா" என்பான். அவர் அவனை "மாப்ள" என்பார். கடையில் எந்தப் புதுப் போர்டு தயாரானாலும் முதலில் அவன் கண்ணில் காட்டியாக வேண்டும். "வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவா? அங்க போனா கிச்சுகிச்சு மூட்டுவாங்களா மாமா?" என்பான். அவர் அடிக்கக் கை ஓங்குவார். அவன் குனிந்துகொண்டே அடுத்ததைப் படிப்பான்.

தண்ணீர் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் அவன் கிடங்குப் பொறுப்பாளர். எந்தப் பெட்டி எந்த வரிசையில் இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவான். ஒருநாள் மதியமே பூங்கொத்து ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வந்தான். கம்பெனி வண்டியே வாசல்வரை வந்து இறக்கிவிட்டுப் போனது. அக்காள் பார்த்தாள். தம்பிக்குப் பதவி உயர்வு என்று முடிவே கட்டிவிட்டாள். இனிப்பு வாங்கி அண்டை வீடுகளுக்கெல்லாம் கொடுத்தும் விட்டாள்.

"என்ன வேலைடா குடுத்திருக்காங்க?"

"புதிய வாய்ப்புகளுக்காக என்னை விடுவிச்சிருக்காங்களாம். அடுத்த கட்டப் பயணத்துக்கு வாழ்த்துன்னு சொல்லிக் கையத் தட்டினாங்க."

"எங்க பயணம்?"

"அத யாரும் சொல்லலக்கா."

போர்டுக்காரருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் கையிலிருந்த இனிப்பை மெல்லக் கீழே வைத்தார். மைத்துனன் அதை எடுத்து அவர் வாயிலேயே ஊட்டினான். "சாப்பிடுங்க மாமா. ஊரே சாப்பிட்டாச்சு."

மறுநாள் காலை அவன் குளித்து, கம்பெனி உடுப்பை மாட்டிக்கொண்டு, கம்பெனி வாசலில் போய் நின்றான். அதற்கு மறுநாளும். வாசல் காவலாளி பழகினவர். டீ வாங்கிக்கொடுத்துத் திருப்பி அனுப்புவார். வீட்டில் எல்லோரும், போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். போகப் போகத் தூக்கம்தான் போனது. சமையலறைப் பாத்திரங்களை அளவு வாரியாக அடுக்கினான். செருப்புகளுக்கு வரிசை போட்டான். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியவில்லை. கேலி எல்லாம் எங்கோ போய்விட்டது. கடைசியில் ஒருநாள் காவலாளி அசந்த நேரம் பார்த்துக் கிடங்குக்குள் போய்விட்டான். வெளியே வர மாட்டேன், சரக்கு எல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது என்று அழுதான். அக்காளும் மாமாவும் போய்த்தான் கூட்டிவர வேண்டியிருந்தது.

மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர் பொறுமையாகக் கேட்டார். கொஞ்ச நாள் தங்கினால் நல்லது என்றார். "விருப்பச் சேர்க்கையாவே போட்டுக்கலாம்."

"எனக்கு விருப்பம் இல்லேன்னா?" என்றான் மைத்துனன்.

டாக்டர் தயங்கினார். "அப்ப வேற பிரிவுல சேர்க்க வேண்டியிருக்கும்."

"ரெண்டு வழியும் ஒரே ரூமுக்குத்தான் போகுது, இல்லையா?" என்று சிரித்துவிட்டு, மாமாவின் முகத்தைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். "மாமா சொல்றாருன்னா சரி" என்று கையெழுத்துப் போட்டான். அவ்வளவு கலக்கத்திலும், உலகத்தில் ஓர் ஆள் சொன்னால் அவனுக்குச் சரி.

வார்டு வாசலில் பையைக் கொடுக்கும்போது போர்டுக்காரருக்கு எதையாவது சொல்லித் தேற்ற வேண்டும் போலிருந்தது. தாழ்வாரத்தின் கோடியைக் காட்டினார். "அங்க பாரு மாப்ள. ஆறுதல் அறை. மாமா வச்ச பேரு. இரைச்சலா இருந்தாலோ, மனசு ஒரு நிலையில இல்லேன்னாலோ, கூச்சப்படாம கேளு. அங்க விடச் சொல்லு."

"சரி மாமா" என்றான். புது இடத்தில் கட்டிவிட்ட கன்றுக்குட்டி மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனான்.

வீட்டில் அக்காள், தம்பி எங்கே என்று கேட்டவர்களிடம், கம்பெனி பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறது என்று சொல்லிவைத்தாள். "நல்ல சொல்லா எடுத்திருக்க" என்றார் போர்டுக்காரர். "யாரு பொண்டாட்டி?" என்றாள் அவள். சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

முதல் சில நாட்கள் பார்க்க விடவில்லை. விட்டபோது இருவரும் போனார்கள். மைத்துனன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையின் விளிம்பும் கன்றிப்போய் வீங்கியிருந்தன. அக்காளோடு பேசினான். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். மாமாவின் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

"கையில என்னடா?" என்று பதறினாள் அக்காள்.

"ஆறுதல்" என்றான்.

போர்டுக்காரர் கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். அவன் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவர் மறுபடி சுற்றி வந்தார். அக்காளுக்கே பொறுக்கவில்லை. "ரெண்டு பேரும் என்ன செக்கா இழுக்கிறீங்க? வாயத் திறந்து பேசுங்க."

அவன் தரையைப் பார்த்தபடி கேட்டான். "மாமா, அந்த ரூமுக்குள்ள நீங்க போயிருக்கீங்களா?"

"நமக்கு எப்பவும்... வெளியில, கதவுலதானே மாப்ள வேலை."

"அதான்" என்றான். போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

வெளியே தலைமை நர்ஸ் போர்டுக்காரரைத் தனியே அழைத்து நடந்ததைச் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் கத்திக்கொண்டிருக்கிறார். இவன் தாங்க முடியாமல், ஆறுதல் அறையில் என்னை விடுங்கள் என்று தானாகவே கேட்டிருக்கிறான். கேட்டு வந்தவனை இதுவரை அவர்கள் கண்டதே இல்லை. சந்தோஷமாகவே விட்டிருக்கிறார்கள். ஆனால் உள்ளே யார் இருந்தாலும் கதவை வெளியே தாழிட வேண்டும் என்பது அங்கே விதி. தாழ் விழும் சத்தம் கேட்டதும் அவன் திறக்கச் சொல்லியிருக்கிறான். கொஞ்ச நேரம் இருங்க என்றிருக்கிறார்கள். அவன் தட்டியிருக்கிறான். தட்டுவது நின்ற பிறகுதான் நேரத்தைக் கணக்கில் எடுப்பது என்று இன்னொரு விதி. இது அவனுக்குத் தெரியாது. தட்டத் தட்ட நேரம் நீண்டது. நீள நீளத் தட்டினான்.

"இப்ப அதுக்கு மேல வந்து நிக்குது" என்றார் நர்ஸ். "மாத்திரையத் துப்பிடறார். தூக்கத்துக்கு உதவும்னு சொன்னா, 'இதுக்கு யாரு பேரு வச்சது?'ன்னு கேட்கிறார். எதையும் நம்ப மாட்டேங்கிறார். இப்படியே போனா நாலு பேரு பிடிச்சு ஊசி போடணும். அதுக்கு நாங்க 'துணைப்பிடி'ன்னு சொல்லுவோம். அப்புறம் மறுபடி அந்த அறைதான். ஒரு தடவை அப்படிப் போயிட்டா அந்தப் பையனைத் திருப்பறது ரொம்பக் கஷ்டம். நீங்க பேசினாக் கேட்பாருன்னு நினைச்சேன்."

'துணைப்பிடி' என்ற சொல் போர்டுக்காரரின் வாயில் ஒரு கணம் தித்தித்தது. பழக்கதோஷம். அடுத்த கணம் நான்கு பேர் சேர்ந்து மாப்ளயைப் பிடிப்பது கண்ணில் தெரிந்தது.

"சிஸ்டர், அந்த ரூம் காலியா இருக்கா?"

"இருக்கு. ஏன், புதுப் போர்டா?"

"என்னை உள்ள விட்டுத் தாழ் போடுங்க."

நர்ஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார். "வீட்டுல ஒருத்தர் வந்தது போதாதா?" ஆனாலும் சாவிக்கொத்தை எடுத்தார்.

தாழ் விழுந்தது. வெளியே நூறு தடவை கேட்ட சத்தம்தான். உள்ளே அது வேறு மாதிரி, நெஞ்சுக்குள் விழுந்தது. தரையில் ஒரு மெத்தை. எட்டாத உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. கதவின் உள்பக்கம் முழுக்க வழவழவென்று தகரம் அடித்திருந்தது. கைப்பிடி இல்லை. இல்லை என்று தெரிந்த பிறகும் அவர் கை தானாகக் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தைத் தடவித் தடவித் தேடியது. ஆறுதல் என்று ஒரு எழுத்துகூட இந்தப் பக்கம் இல்லை. போர்டு வெளியில் நிற்பவர்களுக்குத்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

கை மேலே ஏறியது. நெற்றி உயரத்தில் தகரத்தில் ஏதோ நெருடியது. வெளிப்பக்கமிருந்து குத்தியதுபோல ஒரு சின்னப் புடைப்பு. கொஞ்சம் தள்ளி அதே உயரத்தில் இன்னொன்று. கீழே இரண்டு. நாலு மூலை. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் குமிழி நடுவில் நிற்கும்.

அவருடைய திருகுகள். ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நீளம் கூட்டிக்கொண்டே போனதில், கட்டையைத் தாண்டி, முனை இந்தப் பக்கத் தகரத்தை முட்டிக்கொண்டு நின்றது. இத்தனை வருஷ வேலையில் உள்ளே வந்து சேர்ந்தது அந்த முனை மட்டும்தான்.

அவர் தட்டினார். நர்ஸ் உடனே திறந்தார். போர்டுக்காரர் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாகப் போர்டைக் கழற்ற ஆரம்பித்தார். ஆறுதல் அறை வந்தது. அதன் கீழே அமைதி அறை. அதன் கீழே தனிமைப்படுத்தும் அறை. கடைசியில் துருவேறிய தகட்டில் தனிக் கொட்டடி. அதற்கும் கீழே, வெயிலே பாராத சதுரத்தில் வெறும் மரம்.

"ஐயோ, ஆபீஸ்ல கேட்பாங்களே" என்றார் நர்ஸ்.

"திருகு துருப்பிடிச்சு விழுந்துடுச்சுன்னு..." என்று தொடங்கினவர் அப்படியே நிறுத்தினார். "இல்ல. நான்தான் கழட்டினேன்னு சொல்லுங்க."

கழற்றிய பலகைகளை அடுக்காகக் கையில் எடுத்துக்கொண்டு மைத்துனனின் கட்டிலுக்குப் போனார். அக்காள் எழுந்து இடம் விட்டாள். அவர் பலகைகளை அவன் காலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"உள்ள போயிட்டு வந்தேன் மாப்ள."

அவன் போர்வையை விலக்கிப் பலகைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தான். பிறகு கேட்டான். "நாலு முள்ளு இருக்குமே. பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அது உங்க திருகுன்னு எனக்குத் தெரிஞ்சுது. கையில வலி வந்ததும் தட்டறத விட்டுட்டு அதையே தடவிக்கிட்டு நின்னேன். நம்ம மாமா கொஞ்சம் நீளமா வாங்கிட்டாரு, கடைக்காரன் ஏமாத்திட்டான்னு நினைச்சுக்கிட்டேன்."

போர்டுக்காரர் அவனுடைய வீங்கிய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவன் உருவிக்கொள்ளவில்லை. "தெரியாம சொல்லிட்டேன்டா" என்றார். "உன்ன அனுப்பறப்ப, பேரு நல்லாருக்கேன்னு உள்ளயும் நல்லாருக்கும்னு நினைச்சுட்டேன்."

"எனக்கு மறை கழண்டிருக்குன்னு ஊரே சொல்லுது. நீங்க நாள் பூரா மறை முறுக்குற ஆளு. நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

அக்காள் விசும்பலுக்கு நடுவே சிரித்துவிட்டாள். அந்தக் கேலியைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

மறுநாள் இளம் டாக்டர் வந்தபோது போர்டுக்காரர் எழுந்து நின்று, "டாக்டர், அந்த மாத்திரை என்னென்ன பண்ணும்னு இவன்கிட்ட உள்ளது உள்ளபடி சொல்லிடுங்க" என்றார். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஓடுற மனச இழுத்துப் பிடிக்கும். வாய் உலரும். கை கால் கனக்கும். கொஞ்ச நாளைக்கு மந்தமா இருக்கும், உங்களுக்கே பிடிக்காது. ஆனா தூங்குவீங்க. வேற மாத்திரை வேணும்னா மாத்திப் பார்க்கலாம். ஒண்ணுமே வேண்டாம்னு மட்டும் சொல்லாதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

மைத்துனன் அவரையே பார்த்தான். "பயமா இருக்கா? இத முதல்லயே சொல்லியிருந்தா அன்னைக்கே முழுங்கியிருப்பேனே" என்று தண்ணீருக்குக் கை நீட்டினான்.

தூக்கம் மெதுவாகத் திரும்பி வந்தது. டாக்டர் சொன்ன மந்தமும் கூடவே வந்தது. அவன் பேச்சு மாட்டுவண்டி வேகத்தில் நகர்ந்தது. ஆனால் நகர்ந்தது. போர்டுக்காரர் தினமும் கடையை மனைவி பொறுப்பில் விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்காருவார். ஒருநாள் சொன்னார். "உள்பக்கத்துக்கு ஒண்ணு எழுதணும் மாப்ள. நான் எழுதினா சரிவராது. நீ சொல்லு."

தலைமை நர்ஸ் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே பலகை கூடாது, திருகு கூடாது, பிய்த்தெடுக்க முடிகிற எதுவும் கூடாது.

"கதவு மேலயே பெயின்ட்ல எழுதிடறேன் சிஸ்டர். ஸ்டென்சில் வெட்டிட்டு வரேன்."

"என்ன எழுதப் போறீங்க?"

மைத்துனன் சொல்லச் சொல்லப் போர்டுக்காரர் திருப்பிச் சொன்னார். கதவு வெளியே பூட்டியிருக்கிறது. உள்ளே கைப்பிடி கிடையாது, தேட வேண்டாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் இருக்கிறார். தட்டினால் வந்து பேசுவார். தட்டியதற்காக நேரம் நீளாது.

நர்ஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பக்கம் ஆள் இருக்கணும்தான். எல்லா நேரமும் இருக்கிறதில்ல. கடைசி வரி விதிக்கே விரோதம். எழுதிட்டா அப்புறம் அப்படியே நடந்தாகணுமே."

"ஆறுதல்னு எழுதினப்ப யாரும் இப்படிக் கேட்கலையே சிஸ்டர்" என்றார் போர்டுக்காரர். "நானும் கேட்கல."

நர்ஸ் டாக்டரைத் தேடிப் போனார். டாக்டரும் அவரும் அலுவலகப் படியில் பலமுறை ஏறி இறங்கினார்கள். கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூல் வந்தது. அதில் முறை வைத்து ஆள் உட்காருவது என்றாயிற்று. தட்டுவது நின்ற பிறகு நேரத்தைக் கணக்கெடுக்கும் வழக்கம் போனது. வெளிப்பக்கத்துக்கு என்ன பெயர் என்பதில் மட்டும் மேலிடத்து உத்தரவு வரவில்லை. அங்கே வெறும் சதுரமும் நாலு துளையும் பல்லிளித்தபடி நின்றன. போர்டுக்காரர் அதை அடைக்க அவசரம் காட்டவில்லை.

மைத்துனன் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் எழுதும் வேலை வந்தது. அவனே ஸ்டென்சிலை அழுத்திப் பிடித்தான். போர்டுக்காரர் தகரத்தில் பிரஷ்ஷால் ஒற்றினார். பழைய திருகுகள் இல்லாவிட்டாலும் புடைப்பு நாலும் அப்படியே இருந்தன. எழுத்து அவற்றுக்கு நடுவில் அமைந்தது.

"மாமா, 'தேட வேண்டாம்' கொஞ்சம் சாயுது."

"ரசமட்டம் வச்சுப் பார்த்தேன்டா."

"உங்க ரசமட்டத்துக்கும் ஒரு மாத்திரை குடுக்கணும்."

பெயின்ட் காய்ந்த பிறகு, அந்த எட்டாத ஜன்னல் வெளிச்சத்தில் படிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. கதவைச் சாத்தினால்தான் தெரியும். மைத்துனன் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றான். பிறகு மாமாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். தாழ் விழுந்தது. பிடியில் சட்டை இறுகுவது போர்டுக்காரருக்குத் தெரிந்தது. இருவரும் கதவைப் பார்த்து நின்றார்கள். அவன் ஒவ்வொரு வரியாக, வாய்விட்டு, மெதுவாகப் படித்தான். படித்து முடித்துவிட்டுக் வீக்கம் வடிந்த கையைத் தூக்கி, ஒரே ஒரு தட்டு தட்டினான்.

கதவு உடனே திறந்தது. தலைமை நர்ஸ் எட்டிப் பார்த்தார். "யாருங்க தட்டினது?"

"எழுத்து வேலை செய்யுதான்னு பார்த்தோம் சிஸ்டர்" என்றான் மைத்துனன்.

"செய்யுதா?"

அவன் சட்டை நுனியை விட்டான். கதவை இழுக்கக் கை நீட்டினான். உள்ளே பிடித்து இழுக்கத்தான் ஒன்றும் இல்லையே.

"ஒரு தடவையில எப்படிச் சொல்றது? சாத்துங்க சிஸ்டர். இந்தத் தடவை மாமா தட்டட்டும்."